ஆறு மீட்டர் என்று நான் சொன்ன ஈட்டி

அனுப்புநர்:
உரிம எண் 118 உடையவர்,
மூக்குக்கண்ணாடி வில்லை தேய்ப்பவர்,
தபால் நிலையத்துக்கு எதிரே, மாடியில்,
ஏரிச் சாலை.

பெறுநர்:
உரிம அலுவலர் அவர்கள்,
நன்னீர் மீன்பிடிப் பிரிவு,
ஏரி அலுவலகம்.

பொருள்: நீரடி ஈட்டி மீன்பிடிப்பு – ஈட்டி எண் 118 ஏரியில் கிடப்பதாக ஓர் அறிவிப்பும், கிடக்கவில்லை என்று மற்றோர் அறிவிப்பும் வந்தன – ஈட்டியைச் சரியான ஆழத்தில் மீண்டும் தேடக் கோருதல் – அதுவரை உரிம எண் 119 உடையவரைத் தண்ணீரில் இறங்க விடாதிருக்க வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: 1. தங்கள் அறிவிப்பு (அ), நாள் 24.04.2023.
2. தங்கள் அறிவிப்பு (ஆ), அதே நாள்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மேற்படி அறிவிப்புகள் இரண்டும் ஒரே உறையில், ஒரே குண்டூசியில் குத்தப்பட்டு எனக்கு வந்து சேர்ந்தன. முதல் அறிவிப்பு, நான் என் ஈட்டியை ஏரிக்குள் கைவிட்டுவிட்டதாகவும், விதி 14-ன்படி 15.05.2023-க்குள் அதை அப்புறப்படுத்த வேண்டும் என்றும், அதுவரை என் உரிமம் நிறுத்தி வைக்கப்படுவதாகவும் கூறுகிறது. இரண்டாவது அறிவிப்பு, அலுவலக முக்குளிப்பவர் தேடிப் பார்த்ததில் அப்படியோர் ஈட்டி ஏரியில் இல்லை என்றும், இல்லாததை இருப்பதாகச் சொன்னதற்கு விதி 22-ன்படி நான் விளக்கம் தர வேண்டும் என்றும் கூறுகிறது. இரண்டிலும் இருப்பது தங்கள் கையொப்பமே. ஈட்டி இருக்கிறது என்றால், உரிமம் இல்லாமல் நான் எப்படி இறங்கி எடுப்பது? இல்லை என்றால், எதை எடுக்க எனக்குக் கெடு? எங்கள் கடைக்குக் கண் பரிசோதனைக்கு வருகிறவர்களை ஒரு கண்ணை மூடிக்கொண்டு படிக்கச் சொல்வோம். அதுபோல் ஓர் அறிவிப்பை மூடிக்கொண்டு மற்றதைப் படித்தால் எனக்கு நன்றாகப் புரிகிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

2. ஆனால் நான் இதை எழுத உட்கார்ந்தது ஈட்டிக்காகவோ என் உரிமத்துக்காகவோ அல்ல. மீன்கள் முட்டையிடும் காலத் தடை முடிந்து 21.05.2023 ஞாயிறு காலை ஏரி திறக்கிறது. அன்று உரிம எண் 119 உடையவர் தண்ணீருக்குள் இறங்கப் போகிறார். அவர் என் சகலை. அதாவது என் மனைவியுடைய தங்கையின் கணவர். சென்ற முறை இறங்கியபோது அவர் நீருக்குள்ளேயே மயங்கிவிட்டார் என்று நான் சொல்கிறேன். மயங்கவே இல்லை என்று அவர் சொல்கிறார். எங்கள் இருவரையும் தவிர அங்கே வேறு யாரும் இல்லை. யார் சொல்வது சரி என்பதற்கு மிச்சமிருக்கும் ஒரே சாட்சி அந்த ஈட்டிதான்.

3. தாங்கள் இந்தப் பொறுப்புக்குப் புதிதாக வந்தவர் என்று தங்கள் அலுவலக எழுத்தர் அம்மா சொன்னதால், எங்கள் வழக்கத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காற்று உருளை வைத்துக்கொண்டு மீன் குத்தக் கூடாது. மூச்சை அடக்கித்தான் இறங்க வேண்டும். வெளியிலிருந்து வந்து ஏரியை நிரப்பிக்கொண்ட பெருங்கெண்டையை மட்டுமே குத்தலாம். இருவராகத்தான் போக வேண்டும். ஒருவர் கீழே போனால் மற்றவர் மேலே மிதந்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்பது நாங்களாக வைத்துக்கொண்ட வழக்கம். இவை எங்களுக்கு மனப்பாடம். விதி 6-ன்படி ஒரு நேரத்தில் இருவருக்குமாக ஓர் ஈட்டிதான் தண்ணீரில் இருக்கலாம். விதி 8-ன்படி அவரவர் எண் பொறித்த ஈட்டியைத்தான் அவரவர் தொடலாம். அப்படியானால் முறை மாறும் ஒவ்வொரு தடவையும் இருவரும் கரைக்கு நீந்திப் போய் ஈட்டியை மாற்றிக்கொண்டு வர வேண்டும். ஏரியில் இருக்கும் நூற்றுச் சொச்சம் பேரில் ஒருவரும் அப்படிச் செய்வதில்லை. ஓர் ஈட்டியைக் கொண்டுபோய் மாற்றி மாற்றிப் பிடித்துக்கொள்கிறோம். இது குற்றம்தான், ஒப்புக்கொள்கிறேன். அன்று 119 உடையவரின் கையில் ஈட்டி 118 இருந்ததற்குக் காரணம் இதுவே தவிர வேறு சூது எதுவும் இல்லை.

4. நடந்தது 02.04.2023 ஞாயிறு, காலை ஒன்பதேகால் மணி சுமார். தடைக்கு முந்தைய கடைசி நாள். பழைய மரப் படகுத்துறையின் ஏழாம் தூணுக்கு அருகில் ஆரஞ்சு மிதவையும் கொடியும் முறைப்படி கட்டியிருந்தோம். அதுவரை நான் இரண்டு மீன், சகலை ஒன்றுமில்லை. வீட்டுக்குப் போனால் மாமனார் முதலில் கேட்பது இந்தக் கணக்கைத்தான் என்பதால் சகலையின் முகம் சிறுத்துப் போயிருந்தது. கடைசியாக ஒரு முறை என்று சொல்லி, மிதவையைப் பிடித்துக்கொண்டு வேக வேகமாக மூச்சை இழுத்து இழுத்து விட்டார். அப்படிச் செய்தால் கூடுதல் நேரம் கீழே இருக்கலாம் என்பது அவருடைய நம்பிக்கை. தங்கள் அலுவலகம் தந்த விதி நூலின் இருபத்தேழாம் பக்கத்தில், பொடி எழுத்தில், அதுதான் ஆபத்து என்று போட்டிருக்கிறது. அதைப் படித்துக்காட்டும்போதெல்லாம் அவர் என்னை வாத்தியார் என்று கேலி செய்வார்.

5. அவர் இறங்கினார். நான் மாஸ்க் அணிந்த முகத்தைத் தண்ணீரில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பாசிச் சரிவில் கொஞ்ச நேரம் படுத்திருந்தார். பிறகு மேலே வரத் தொடங்கினார். என் கைக்கு எட்டும் தூரத்துக்குச் சற்றுக் கீழே வந்தபோது காலசைவு நின்றது. வாயிலிருந்து குமிழிகள் மொத்தமாக வந்தன. கை விரிந்தது. ஈட்டி நழுவிக் கீழே போனது. கண் திறந்தே இருந்தது. ஆனால் என்னைப் பார்க்கவில்லை. நான் குனிந்து பாய்ந்து அக்குளில் கைகொடுத்துத் தூக்கிக்கொண்டு வந்தேன். மேலே வந்து, அவர் மாஸ்க்கைக் கழற்றி, கன்னத்தில் தட்டி, முகத்தில் ஊதி, பேர் சொல்லிக் கூப்பிட்டேன். உதடு மை பட்டதுபோல் நீலமாக இருந்தது. எண்ணினேன். எதற்காக எண்ணினேன் என்று தெரியாது, கையும் ஓடாமல் காலும் ஓடாமல் இருந்த நேரத்தில் வாய் மட்டும் எண்ணியது. ஏழு எண்ணியதும் குறட்டை போல ஒரு சத்தத்துடன் மூச்சை இழுத்தார். பிறகு என் கையை உதறிவிட்டு அவர் சொன்ன முதல் வார்த்தை இது:

"என்ன சகல, எதுக்கு என்னப் புடிச்சு இழுக்குறீங்க? நல்ல மீனு, கெடுத்துட்டீங்களே."

அவர் விளையாடவில்லை ஐயா. நடுவில் போன நேரம் அவருக்குள் இல்லவே இல்லை.

6. அவரைக் கரையில் உட்காரவைத்து ஃபிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தேன். பிறகு ஏழாம் தூணைப் பிடித்துக்கொண்டு மறுபடி மாஸ்க் அணிந்த முகத்தைத் தண்ணீரில் வைத்துப் பார்த்தேன். நேர் கீழே, சரிவில், ஈட்டியின் தண்டு மின்னிக்கொண்டு கிடந்தது. ஒரு முனை பாசிக்குள் மறைந்திருந்தது. ஆறு மீட்டர் இருக்கும் என்று கணக்குப் போட்டேன். துணைக்கு மேலே ஆள் இல்லாமல் இறங்கக் கூடாது என்பதால் இறங்கவில்லை. நேராக ஏரி அலுவலகத்துக்குப் போய் நானாகவே சொன்னேன். மீன் அளக்கும் அடிக்கோல் ஆணியடித்திருக்கும் அந்த மேசையில் காகிதத்தை வைத்து, ஏரிக் காவலர் நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார். காகிதத்தில் இன்னும் மீன் செதில் ஒட்டியிருக்கும். நான் மயக்கத்தைப் பற்றிப் பேசினால் அவர் ஈட்டியைப் பற்றிக் கேட்டார். "தண்ணிக்குள்ள விழுந்தது எல்லாம் ஏரிக்குச் சொந்தம், ஆனா அத எடுக்க வேண்டியது நீங்கதான்" என்று முடிவாகச் சொன்னார். இப்போது யோசித்தால், எனக்கு வந்த இரண்டு அறிவிப்புகளும் அந்த ஒரு வாக்கியத்திலேயே இருந்தன.

7. மறுநாள் என் சகலையிடமும் வாக்குமூலம் வாங்கியிருக்கிறார்கள். அதன் நகலை எழுத்தர் அம்மா எனக்குப் படித்துக்காட்டினார். ஈட்டி கீழே கல் இடுக்கில் சிக்கிக்கொண்டது, இழுத்தும் வரவில்லை, மூச்சு குறைந்ததால் அதை நானே விட்டுவிட்டு மேலே வந்தேன், வந்த இடத்தில் என் சகலை பதறிப்போய்த் தேவையில்லாமல் என்னைப் பிடித்துக்கொண்டார் என்று அதில் இருக்கிறது. படித்துக்காட்டும்போது அந்த அம்மா என்னைப் பாவமாகப் பார்த்தார். சகலை பொய் சொல்கிறார் என்று நான் எழுதவில்லை. நினைவில் விழுந்த ஓட்டையை அடைக்க ஏதோ ஒன்று வேண்டியிருந்தது. கல் இடுக்கு அங்கே பொருந்தியது. அவர் இப்போது அதை மனதார நம்புகிறார்.

8. ஆக, ஈட்டி பாசிமேல் சும்மா கிடந்தால் அவர் கையிலிருந்து நழுவியது என்று பொருள். கல் இடுக்கில் சிக்கியிருந்தால் அவர் சொல்வது சரி. இது காவலருக்கும் புரிந்தது. 12.04.2023 அன்று தங்கள் முக்குளிப்பவர் இறங்கினார். நான் சொன்ன ஆறு மீட்டர் ஆழத்தை விடாமல் பிடித்துக்கொண்டு தூணின் இருபக்கமும் தேடிவிட்டு, பாசியைத் தவிர ஒன்றுமில்லை என்று எழுதிக் கொடுத்தார். அவர்மேல் ஒரு குறையும் இல்லை. குறை என்மேல்தான். அதை இப்போது எழுதியாக வேண்டும்.

9. ஐயா, நான் பத்தொன்பது ஆண்டுகளாகக் கண்ணாடி வில்லை தேய்க்கிறேன். பவர் உள்ளவர்கள் அணியும் மாஸ்க்குக்கும் இந்த ஏரிச் சாலையில் நான்தான் வில்லை பொருத்துகிறேன். அதை வாங்கிப் போகும் ஒவ்வொருவரிடமும் தவறாமல் ஒன்று சொல்வேன். தண்ணீருக்குள் தட்டைக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் எல்லாம் கால் பங்கு கிட்டத்தில் தெரியும். மீனும் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும். கரைக்கு வந்து சின்ன மீனாக இருக்கிறதே என்று என்னிடம் வந்து சண்டை போடாதீர்கள் என்று சொல்வேன். சென்ற வெள்ளிக்கிழமை ஒரு வாடிக்கையாளரிடம் இதையே சொல்லிக்கொண்டிருந்தவன் பாதியில் நின்றுவிட்டேன். அவர் என்ன ஆயிற்று என்று கேட்டார். எனக்கு ஆறு மீட்டராகத் தெரிந்தது உண்மையில் எட்டு மீட்டர். ஊருக்கெல்லாம் சொல்கிறவன் மேசையில் உட்கார்ந்து கையெழுத்துப் போடும்போது மறந்திருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

10. இதோடு போயிருந்தால் பரவாயில்லை. அந்தச் சரிவில் ஆறு மீட்டரில் முழுக்கப் பாசி. எட்டு மீட்டரில் பாசி குறைந்து கற்கள் தொடங்குகின்றன. என் தவறை நான் திருத்தினால், என் வாயாலேயே சகலை சொன்ன கல்லுக்குப் பக்கத்தில் போய் நிற்கிறேன். ஈட்டியின் ஒரு முனை மறைந்திருந்தது என்று மேலே எழுதினேன். அன்று அது பாசிதான் என்று சத்தியம் செய்திருப்பேன். இன்று, பாசியா கல்லா என்று கேட்டால் எனக்குத் தெரியவில்லை. தூரத்தைத் தப்பாகப் பார்த்த கண், கை விரிந்ததையும் குமிழியையும் மட்டும் எப்படிச் சரியாகப் பார்த்திருக்கும் என்று நானே என்னைக் கேட்டுக்கொள்கிறேன். தேய்க்கும் இயந்திரத்தில் கையை வைத்துக்கொண்டு இதையே யோசித்ததில் இந்த வாரம் மூன்று வில்லைகளைக் கெடுத்தேன்.

11. சனிக்கிழமை மாலை என் மைத்துனி, அதாவது சகலையின் மனைவி, கடைப் படியேறி வந்தாள். எங்கள் இரு குடும்பத்துக்கும் ஒரு மாதமாகப் பேச்சுவார்த்தை இல்லை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "அத்தான், அவரு மயங்குனாரா இல்லையா, ஒரே வார்த்தையில சொல்லுங்க" என்றாள். ஒரு மாதத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் ஒரே வார்த்தையில் சொல்லியிருப்பேன். அன்றோ, பார்த்துச் சொல்கிறேன் என்றேன். எதைப் பார்த்து என்று அவள் கேட்கவில்லை. கைப்பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்துக் காட்டிவிட்டுப் போனாள்.

12. அது 21-ஆம் தேதிக்கான துணையாள் படிவம். என் உரிமம் நிறுத்தப்பட்டதால் சகலை தன் மனைவியின் பெயரைத் துணையாளாக எழுதியிருக்கிறார். அவளுக்கு நீச்சல் தெரியாது. வாளித் தண்ணீரில் முகம் வைக்கவே பயப்படுகிறவள். ஆனால் விதி 9-ஐ எத்தனை முறை படித்தாலும், துணையாள் "உடனிருக்க வேண்டும்" என்றுதான் இருக்கிறதே தவிர, தண்ணீரில் இருக்க வேண்டும் என்றோ, நீந்தத் தெரிந்திருக்க வேண்டும் என்றோ இல்லை. கரையில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்தாலும் விதிப்படி அவள் துணையாள். மீன் எத்தனை அங்குலம் இருக்க வேண்டும் என்று ஒன்றரைப் பக்கம் எழுதிய விதி நூலில், மேலே இருப்பவர் கீழே போகத் தெரிந்தவரா என்று ஒரு வரி இல்லாமல் போனது எப்படி என்று எனக்குப் புரியவில்லை. கரையிலிருந்து பார்த்தால் அவளுக்கு ஆரஞ்சு மிதவை மட்டும்தான் தெரியும். அது எப்போதும்போல் ஆடிக்கொண்டிருக்கும்.

13. சகலை ஏன் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறார் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அவர் லிஃப்ட் மெக்கானிக். பதினான்கு மாடிக் குழிக்குள் பெல்ட்டில் தொங்கி வேலை பார்க்கிறவர். மயங்கி விழுந்தார் என்று ஓர் அரசுக் காகிதத்தில் ஏறிவிட்டால், அவருடைய நிறுவனம் அவரைக் குழிக்குள் இறக்காது. சாவிக்கொத்தைக் கையில் கொடுத்து வாசல் காவலுக்கு உட்காரவைத்துவிடும். அந்த வேலையை விட்டால் அவருக்கு வேறு எதிலும் மனம் ஒட்டாது. இது தெரிந்துதான் மயக்கத்தைக் காவலரிடம் வாயால் சொன்னதோடு நிறுத்திக்கொண்டு, ஒரு மாதம் எழுத்தில் தராமல் இருந்தேன். எனக்குத் தெரிந்த மருத்துவர் ஒருவரிடம் விசாரித்தேன். கண் மருத்துவர்தான், இருந்தாலும் மருத்துவர். வேகமாக மூச்சு இழுத்துவிட்டு இறங்கினால் எவ்வளவு ஆரோக்கியமான ஆளுக்கும் இப்படி ஆகலாம், இது நோய் அல்ல, தரையில் நிற்கும்போது வருவதும் அல்ல என்றார். ஆகவே இதை நோய் என்று பதிவு செய்யாமல், மூச்சடக்கும் முறையில் ஏற்பட்ட பிழை என்று பதிவு செய்யுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். அவரைக் காட்டிக் கொடுக்கிறேனா காப்பாற்றுகிறேனா என்று எனக்கே குழப்பமாகத்தான் இருக்கிறது. எழுதாமல் இருந்தால் என்ன ஆகும் என்பதில் மட்டும் குழப்பமில்லை.

14. எனவே தாங்கள் கருணை கூர்ந்து:

(அ) ஏழாம் தூணுக்கு நேர் கீழே, ஆறு மீட்டரில் அல்லாமல் எட்டு மீட்டரில், 21-ஆம் தேதிக்கு முன்பாக மீண்டும் தேடச் செய்ய வேண்டும். ஈட்டி கண்ணில் பட்டதும் எடுத்துவிட வேண்டாம். அது சும்மா கிடக்கிறதா, கல்லில் சிக்கியிருக்கிறதா என்று முதலில் படம் எடுத்து, அதன் பிறகே தொட வேண்டும். சிக்கியிருந்தால் நான் என் சகலையிடமும் தங்களிடமும் மன்னிப்புக் கேட்கக் கடமைப்பட்டவன்.

(ஆ) தங்கள் முக்குளிப்பவருக்கு நேரமில்லை என்றால், ஈட்டியோ மீன்பையோ இல்லாமல், இடுப்பில் கயிறு கட்டி, காவலர் முன்னிலையில், அரை மணி நேரம் நான் இறங்க அனுமதிக்க வேண்டும். என்னோடு மேலே மிதக்க நீந்தத் தெரிந்த ஒருவரை நானே அழைத்து வருகிறேன்.

(இ) அதுவரை உரிம எண் 119-க்கான துணையாள் படிவத்தை ஏற்கக் கூடாது. துணையாள் தண்ணீரில் இருக்க வேண்டும், அந்த ஆழத்துக்குப் போய்வரத் தெரிந்திருக்க வேண்டும் என்று விதி 9-ல் ஒரு வரி சேர்க்க வேண்டும்.

(ஈ) அறிவிப்பு (அ), அறிவிப்பு (ஆ) இரண்டில் எதற்கு நான் கீழ்ப்படிய வேண்டும் என்று தெரிவிக்க வேண்டும். ஆழத்தைத் தப்பாகச் சொன்னதற்கும், என் ஈட்டியை இன்னொருவர் கையில் கொடுத்ததற்கும் என்ன தண்டனையோ அதை ஏற்றுக்கொள்கிறேன். என் உரிமத்தை நிரந்தரமாக எடுத்துக்கொண்டாலும் மறுப்பில்லை.

15. இத்துடன் முடித்துவிடலாம் என்றுதான் இருந்தேன். ஐந்தாம் பத்தியைச் சரிபார்க்க மறுபடி படித்தபோது ஒன்று நினைவுக்கு வந்தது. மேலே வந்ததும் அவருடைய மாஸ்க்கைக் கழற்றுவதற்கு முன்பு, என் மாஸ்க்கை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டேன். தண்ணீர் சொட்டிக் கண்ணை மறைத்ததால் ஏற்றினேன். குமிழியும் விரிந்த கையும் நான் தண்ணீருக்குள் கண்ணாடி வழியாகப் பார்த்தவை. அவற்றைத் தாங்கள் நம்ப வேண்டாம். ஆழத்தையும் நம்ப வேண்டாம். ஆனால் நீலமான உதட்டை நான் வெறும் கண்ணால், பகல் வெளிச்சத்தில், ஒரு சாண் தூரத்தில் பார்த்தேன். ஏழு எண்ணும்வரை அவர் மூச்சு விடவில்லை. அந்த ஏழில் நான் கழிப்பதற்கு எதுவும் இல்லை.

என் மைத்துனி கேட்ட ஒரே வார்த்தைக்கு என் பதில்: மயங்கினார்.

21-ஆம் தேதிக்குள் நல்ல முடிவு வரும் என்று காத்திருக்கும்,

(கையொப்பம்)
உரிம எண் 118

இடம்: ஏரிச் சாலை
நாள்: 09.05.2023

இணைப்பு:
1. அறிவிப்புகள் (அ), (ஆ) – குண்டூசி பிரிக்கப்படாமல்.
2. ஏழாம் தூண், சரிவு, ஆழம் காட்டும் கைவரைபடம் – திருத்தப்பட்டது.
3. மாஸ்க் ஒன்று, பவர் இல்லாதது. அலுவலகப் பின்புறத் தொட்டியில் ஓர் அடிக்கோலைப் போட்டுவிட்டு, இதை அணிந்து தாங்களே பார்த்துக்கொள்ளலாம்.

நகல்: உரிம எண் 119 உடையவருக்கு – தபாலில் அல்ல, இன்று மாலை அவர் வீட்டுக்குப் போய் நானே கையில் கொடுக்கிறேன்.